வெள்ளிக்கிழமை கோழி பாக்கெட்

மார்ச் 9, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து மூடி, அரிசி டின்னுக்குப் பின்னாலேயே வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். தேவா சாரிடம் காட்டவே காட்டாதீர்கள். மாதா படத்தின் மேல் கை வைத்து, நடந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சாப்பாட்டு பாக்கெட் போடும் கம்பெனியில் அம்மாவின் வலது ஆள்காட்டி விரல் சீல் போடும் மிஷினில் மாட்டிக்கொண்டது. பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டி, அப்படியே வெட்டிவிடும் மிஷின். விரலின் மேல் கணு போய்விட்டது. மிஷினுக்கு முன்னால் ஒரு தடுப்பு உண்டாம். அது இருந்தால் வேகம் வராது என்று சூப்பர்வைசர் தேவா சார் கழற்றி வைத்துவிட்டாராம். பக்கத்தில் நின்று வேலை செய்யும் புனிதா அக்கா சொன்னாள். அம்மா சொல்லவில்லை. "என் தப்புதான்டி மெர்லின், வுடு" என்கிறாள்.

அன்று காலை எனக்குக் கேப்பைக் கூழும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையலும் வைத்துவிட்டுத்தான் கம்பெனி வேன் ஏறினாள். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கவுச்சி கிடையாது, அவ்வளவுதான். சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். ராத்திரி கையில் கட்டோடு வந்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

சேமியா பாக்கெட்டை என்னால் திறக்க முடியவில்லை. 'இங்கே கிழிக்கவும்' என்று அம்புக்குறி போட்டிருக்கிறது. அங்கே மட்டும் கிழியவில்லை. பல்லால் இழுத்தேன், உதட்டில் ரத்தம், பாதி சேமியா தரையில். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பாக்கெட் மூடுகிறவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுதால்கூடப் பரவாயில்லை. அழவில்லை. எனக்கு அந்தக் கவரைக் கடித்துத் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பினேன்.

மார்ச் 12, வியாழன்

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா, "லைட்ட அணைடி" என்றாள். கடன்காரர்களா நாங்கள்? எதற்கு ஒளிய வேண்டும்?

தேவா சார்தான். ஒரு அட்டைப்பெட்டி நிறைய கம்பெனிச் சாமான் கொண்டுவந்தார். பரோட்டா, சாம்பார், உப்புமா. எல்லாம் சுடுதண்ணீரில் போட்டால் சாப்பாடு. "மேரிக்கா, கைய அசைக்காத, பாக்கெட்ட தொற, துன்னு, ரெஸ்ட் எடு" என்றார்.

எந்தக் கையால் திறப்பது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பயம்.

மார்ச் 14, சனி

இன்று நான் ஒரு பாவம் செய்தேன். இரண்டாகவும் இருக்கலாம்.

புனிதா அக்கா விழுப்புரம் லேபர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டாளாம். தேவா சார் மூச்சிரைக்க வந்தார். அம்மா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி ஏதோ சொன்னார். தான் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் வேன் இங்கே நிற்காது. அம்மா பாதித் தூக்கத்தில் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, ஒன் எழுத்து நல்லா இருக்குமாமே. எழுது, ஜல்தி."

அம்மா எழுதுவதுபோல் எழுதினேன். '6.3.2026 வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சமைப்பதற்காகக் கோழி 65 பாக்கெட்டை அரிவாள்மனையில் அறுத்துத் திறக்கும்போது விரல் வெட்டுப்பட்டது.'

"நம்ம கம்பெனி பாக்கெட்னு எழுதிடாத" என்று சிரித்தார். "வேற கம்பெனின்னு போடு. நம்ம பேரு கெட்டுடும்."

சிரித்தான்.

கோழி என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, தவக்காலம், எங்கள் வீடு. தெரிந்தும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவன் பொய்க்கு நான் எதற்குத் திருத்தம் போட வேண்டும்?

அம்மாவின் இடது பெருவிரலை மையில் அமுக்கி ஒற்றிக்கொண்டான். போகும்போது எங்கள் அரிவாள்மனையைப் போனில் படம் எடுத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

பூசையில் அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் அப்பா போன் செய்தார். "எல்லாம் நல்லாகீறோம்" என்றாள்.

மதியம் அவள் தூங்கியபோது ஒரு பரோட்டா பாக்கெட்டை அரிவாள்மனையில் வைத்துப் பார்த்தேன். விரல் அறுபடலாம். நசுங்குமா? வெந்து போகுமா? எந்த அரிவாள்மனை விரலை வேக வைக்கும்?

மார்ச் 19, வியாழன்

24ஆம் தேதி விழுப்புரத்துக்கு வரச்சொல்லிக் கடிதம். "தேவா சார் சொன்னாப்புலயே சொல்லிட்டு வந்துருவோம். பேஜாரு வாணாம்" என்கிறாள் அம்மா. நான் சோறு சாப்பிடவில்லை. அவளுக்கு ஏன் என்று தெரியும்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போனோம். ஆபீசில் எங்களுக்கு முன்னாலேயே தேவா உட்கார்ந்திருந்தான். விசாரிக்கும் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எழுதிய கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். உடம்பு சரியில்லை — ஆமாங்க. வேலைக்குப் போகவில்லை — ஆமாங்க. எனக்கு அவளைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது.

கோழி 65 பாக்கெட் என்று வந்ததும் தலை நின்றது.

"இன்னாது?" என்றாள் அம்மா.

"கோழி பாக்கெட்டம்மா. வெள்ளிக்கிழமை சமைக்கிறதுக்காக" என்றார் மேடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். "கோழின்னா எழுதுன?"

"அவருதான் சொன்னாரு."

"யோவ்!" அம்மா எழுந்துவிட்டாள். அவள் அவனை யோவ் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "தவக்காலத்து வெள்ளிக்கிழம எங்கூட்டுல கோழியா? முட்டகூட ஒடைக்க மாட்டேன் மேடம் நானு! இந்தப் பொண்ணு பொறக்கறப்பகூட ஒடைக்கல! கோழி துன்னேன்னு எழுதி என் கைய வச்சி அமுக்கிக்கிறான், சாமி கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"யக்கா, யக்கா, உக்காரு" என்றான் தேவா. "அத்த வுடு. சாம்பார்னு மாத்திக்கலாம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திக்கலாமா?"

அம்மா மெதுவாகக் கட்டைப் பிரித்து, விரலை மேசை மேல் வைத்தாள். "மிஷின்ல போனதுங்க" என்றாள். தடுப்பு, வேகம், தேவா — எல்லாம் சொன்னாள். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

படிக்கட்டில் அவன் என் காதருகே வந்து, "நீதான பாப்பா எழுதின? வூட்டுக்கு வர்றேன்" என்றான்.

மார்ச் 26, வியாழன்

நேற்றும் இன்றும் வேன் நிற்கவில்லை. புனிதா அக்காவும் இன்னும் மூன்று பேரும் சாட்சி சொல்கிறார்களாம். அம்மா அப்பாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னாள். அவர் அழுதது எனக்கும் கேட்டது.

அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி வாசற்படியோரம் வைத்துவிட்டாள். "வந்தா மூஞ்சி மேலயே போடறேன்." கடையில் வாங்கிய சேமியா பாக்கெட்டை நான் பல்லுக்குக் கொண்டுபோனேன். "இங்க குடு. அம்பு போட்ட எடத்த நம்பாத. முன்னபக்கம் ஒரு கை, பின்னபக்கம் ஒரு கை, ரெண்டையும் புடிச்சி பிரி." அவள் இடது கை ஒரு பக்கம், என் கை மறுபக்கம். சத்தமில்லாமல் திறந்துகொண்டது. இவ்வளவு நாள் ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். ஆமாம், டி போட்டுவிட்டேன். அம்மா சிரித்தாள்.

அந்தப் பொய்யைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா? எழுதியதையா, கோழியைச் சொல்லாமல் விட்டதையா? எதற்கு

கதவு தட்டுகிறார்கள். பலமாக.

அம்மா விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. அவளே எழுந்து வாசல் விளக்கையும் போடுகிறாள். பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறாள்.