சம்பந்தி வீட்டு ஸ்கேனர்

திருப்பூர்
அக்டோபர் 2006

கண்ணு தரணீதரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அந்த ஷார்ஜா வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அவிநாசியப்பன் துணையிருக்கட்டும். சோமனூரில் உன் மாமனார் வீட்டுக்குப் போய் மருமகள் தேஜஸ்ரீயைப் பார்த்து வந்தோம், முகம் தெளிவாக இருக்கிறது, கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பிரசவத்துக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும், வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குத்தானே போன் பண்ணுகிறாய். நம் வீட்டு போனை அம்மா தினமும் துடைத்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

சரி, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைச் சாமான்களோடு சேர்த்து, கார் பழுது பார்க்கிற ஸ்கேனரையும் உன் மாமனாருக்குக் கொடுத்தனுப்பினாயே, அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அவரும் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார், நானும் வைத்திருக்கிறேன். போன லீவில் நீ கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேனாம். அப்பன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றா அர்த்தம்? இத்தனை வருஷம் நம் ஒர்க்ஷாப் தவிர வேறு வாசல் மிதிக்காத பனியன் கம்பெனி கன்னையன், புது டீசல் கார் வாங்கியதும் அதில் மஞ்சள் லைட் எரிகிறது, மேடு இழுக்கவில்லை என்று என்னிடம்தான் முதலில் வந்தார். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தேன், லைட் அணையவில்லை. கோவிச்சுக்காதீங்க, சோமனூர்ல கம்ப்யூட்டர் வச்சுப் பாக்கறாங்களாமுங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், தேஜஸ்ரீயைப் பார்க்கிற சாக்கில் நானும் அங்கே போய் நின்றேன். கன்னையன் காரில் ஸ்கேனரைச் செருகியிருந்தார்கள், அது காரோடு பேசவே இல்லை, திரையில் ஒன்றும் வரவில்லை. சம்பந்தி சென்னிமலைக்கு வேர்த்து ஊற்றுகிறது. பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, எனக்கு அவ்வளவு சந்தோஷம். கழற்றி வைத்த பிளக்கை எட்டிப் பார்த்தேன். ஸ்பேனர், ஜாக்கி, ஏர் கம்ப்ரஸர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள் இதன் முகத்தையும் விடவில்லை, உள்ளே ஊசி ஊசியாக நிற்கிற பின் ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்து கிடக்கிறது. பார்த்தும் வாயைத் திறக்காமல் அவர்கள் கொடுத்த காபியை நிதானமாகக் குடித்தேன். அப்போது கன்னையன் சிரித்துக்கொண்டே, வெளிநாட்டுச் சரக்குன்னு உங்க மாப்பிள்ளைய நல்லா ஏமாத்தி உட்டுட்டாங்க போல இருக்குதுங்க என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். யாருங்க ஏமாளி, எம் பையனா என்று டம்ளரை வைத்துவிட்டு, ஒரு பழைய பல் பிரஷ் வாங்கி பெட்ரோலில் நனைத்து ஒவ்வொரு பின்னாகத் துலக்கினேன். காய்ந்ததும் செருகினேன், திரையில் வெளிச்சம் வந்து, என்ன பழுது என்று சொல்கிற ஒரு நம்பரும் விழுந்தது. அதோடு வந்த புஸ்தகத்தில் பார்த்தால், இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்கிற சென்சார் கெட்டிருக்கிறது. அதை மாற்றினார்கள், லைட் அணைந்தது, வண்டி பாலத்தில் ஜம்மென்று ஏறியது.

அதற்கப்புறமாவது சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்க மாப்பிள்ளை அனுப்புனதுங்க, எங்க மாப்பிள்ளை அனுப்புனதுங்க என்று வந்தவர்களிடமெல்லாம் அதே பாட்டு. மாப்பிள்ளை என்ன வானத்திலிருந்து குதித்தானா, பெற்றவன் பக்கத்தில் நிற்கிறேன். பிளக்கில் இன்னும் சந்தனம் இருக்கிறது, வீட்டில் வைத்துச் சுத்தமாகத் துலக்கித் தருகிறேன் என்று ஸ்கேனரைத் தூக்கி என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பெண் கொடுத்தவர், மாப்பிள்ளையின் அப்பனிடம் முடியாது என்பாரா? அதுக்கென்னுங்க, நிதானமாக் கொண்டாங்க என்றார், முகம்தான் சுண்டிப்போனது.

இப்போது அது நம் வீட்டு பீரோவில் இருக்கிறது. வருகிற கார் ஒன்று விடாமல் செருகிப் பார்க்கிறேன், ஆயில் மாற்ற வந்த காரையும் விடவில்லை. நம் அம்பாசிடரில் எங்கே செருகுவது என்று நான் குனிந்து தேடியதைப் பார்த்து உன் அம்மா, ஏனுங்க, பையன் மேல இருக்கற ஆசைய மிசினு மேல காட்டறீங்களாக்கு என்று சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். சம்பந்தி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், நான் குளிக்கிறேன் என்று அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தேன்.

நீயும் தேஜஸ்ரீயும் பிள்ளையும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், அது அப்பாவின் ஆசி. வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஸ்டாண்ட் வைக்காமல் படுக்காதே. எனக்கென்று தனியாக ஒன்றும் அனுப்ப வேண்டாம், வேண்டாம் என்றால் இந்தத் தடவை வேண்டாம்தான். ஸ்கேனரைத் திருப்பிக் கொடு என்று நீ சொன்னால் அன்றைக்கே சோமனூர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதை நம் வீட்டுக்குப் போன் பண்ணி, என்னிடம்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
கிட்டுசாமி