முட்டிவலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சௌக்கியம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. எக்கோ பார்த்த டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

திங்கட்கிழமை எங்கள் தையல் கம்பெனியில் லிஃப்ட் மக்கர் செய்துவிட்டது. நாலு மாடி. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை. அதனால் எல்லோரோடும் படியேறினேன். கூட வந்த பட்டன் தைக்கும் அக்கா மாடிக்கு மாடி நின்றாள். "கொஞ்சம் இரும்மா, முட்டி பிடிச்சுக்குது." நானும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால், அதே அக்கா பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுகிறாள்! கழுத்துக்குக் கீழே என் ஆபரேஷன் தழும்பைப் பார்த்திருப்பாள் போல.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நம் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. "அம்மாவுக்கு முட்டி வலிக்குதுடி, உட்காரு" என்று பாதிப் படியில் என்னை உட்காரவைப்பாய். பால் வண்டி ஹாரன் கேட்டாலோ இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவாய். எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நம் வீட்டில் நோயாளி நீதான் என்று நினைத்தே நான் வளர்ந்தேன், அம்மா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய தலையணை உறையைக் கொடுத்தனுப்பு. புதியதில் தூக்கம் பிடிக்கவில்லை.

இப்போது உனக்கு நிஜமாகவே முட்டிவலி என்று அப்பா சொன்னார். "எனக்கும் மூச்சு வாங்குதும்மா, உட்காரலாம்" என்று சொல்லப் பக்கத்தில் நான் இல்லையே.

மணி அடித்துவிட்டது, மெஷினுக்குப் போகிறேன். படியில் மெதுவாக ஏறு.

உன் மகள்