பவர் இல்லாத கண்ணாடியில் படித்தவள்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த வசந்தா அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க மாட்டேன். நீ போன இடத்தில் நலத்துக்கு என்ன குறை? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரகடத்தில் நான் காவல் நிற்கிற கம்பெனியில் என் விசில் சத்தம் கேட்காமல் ஒரு கண்டெய்னர் லாரியும் அசையாது. வெளிநாட்டுப் பெரிய அதிகாரியே என்னைக் கண்டால் காரை நிறுத்தி, இறங்கி, கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது போதாதா?

இந்தக் கடிதம் கலைச்செல்வியைப் பற்றியது. நீ கண்மூடும்போது என் கையில் விட்டுப்போன உன் பெண்.

சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியில், போனுக்குள்ளே வைக்கிற பச்சைப் பலகைகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை அவளுக்கு. முடியைவிட மெல்லிய கீறலையும் பிடித்துவிடுவாள். உலகத்தில் பாதிப் பேருடைய போன் அவளால்தான் மணியடிக்கிறது என்று நம்ம ஊர் படப்பை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பெரிய பொய் எதுவும் இல்லை.

போன மழைக்காலத்திலிருந்து அவளுக்குக் கீறல் தெரியவில்லை. கெட்ட பலகைகள் அவளைத் தாண்டிப் போயிருக்கின்றன. "கண்ணு டெஸ்ட் பாஸ் பண்ணாத்தான் லைன்ல நிக்கலாம்மா. இல்லாட்டி வேற ஆள் போட்டுடுவாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

"இதுக்காடி அழுவுற? ஒரு கண்ணாடி போட்டா முடிஞ்சிது. மாமன் இன்னாத்துக்கு கீறேன்?" என்றேன்.

இப்போதெல்லாம் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போக வேண்டாம் அக்கா. போனில் சொன்னால் பை நிறையக் கொண்டுவந்து வீட்டிலேயே போட்டுக் காட்டுகிறார்கள். கண்ணையும் சோதிக்கிறார்கள். பிடித்தால் வாங்கலாம், விலையும் குறைவு. ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். முத்துமாரி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம்.

நான் சும்மா இருப்பேனா? காது குத்தியபோதும் மஞ்சள் நீராட்டியபோதும் தாய்மாமன் சீர் வைத்தவன் நான். கண்ணாடி மட்டும் சீர் இல்லாமலா? தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, வாழைப்பழம் வைத்து, அந்தப் பெண் கொண்டுவந்த கண்ணாடிகளை நடுவில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன்.

"ஐயோ அண்ணாச்சி! கண்ணாடில குங்குமம் வைக்காதிய, கீறல் விழுந்துரும்!" என்று முத்துமாரி பதறினாள்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ராணி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, "அடேங்கப்பா, இன்னா தெளிவு! எதிர் வூட்டு மாடில காயிற மொளகாய எண்ணலாம் போல கீது!" என்றாள். "மொளகாய அப்பாலிக்கா எண்ணு, மொதல்ல வாங்கின டம்ளரக் குடு" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். ஒரே சிரிப்பு. நானும் மாட்டிப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் கோபுரக் கலசமே தெரிந்தது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

பிறகு தாய்மாமன் முறைக்கு நானே கலைக்கு ஒரு கறுப்புச் சட்டக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். "அந்தக் காலண்டரப் படிடி" என்றேன். சுவரில் மளிகைக்கடைக் காலண்டர். கடைப் பெயர், தெருப் பெயர், கீழே பொடி எழுத்தில் இருந்ததுகூட, ஒன்று விடாமல் படித்தாள். நான் கைதட்டி ஆடினேன் அக்கா. "பாஸாயிட்டா என் பொண்ணு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

முத்துமாரி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, இதுல பவரே கெடயாது. மொகத்துக்குப் பொருந்துதான்னு பாக்கக் கொண்டாந்த வெறும் பிளாஸ்டிக்கு."

கலை தலையைக் குனிந்துகொண்டாள். தினம் பார்த்த காலண்டர், மனப்பாடம். நான் ஆசையாகத் தட்டு வைத்ததைப் பார்த்து, என் முகம் வாடக்கூடாதென்று படித்திருக்கிறாள்.

முத்துமாரி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு உண்மையான சோதனையைத் தொடங்கினாள். கண்முன்னே வில்லையை மாற்றி மாற்றி வைத்தாள். "இப்ப தெளிவா இருக்கா?" "அதே மாரிதான்க்கா கீது." "இப்ப?" "நடுவுல பொகையா கீது. ஓரத்துல மட்டும் தெரியிது." பெட்டியில் இருந்த வில்லைகள் எல்லாம் தீர்ந்தன.

"இது கண்ணாடில சரியாவுற விஷயமா எனக்குத் தோணல அண்ணாச்சி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பையை மூடினாள். விற்றுவிட்டுப் போயிருக்கலாம். விற்கவில்லை.

சென்னையில் டாக்டரம்மா நன்றாகவே விளக்கினார். கண்ணுக்குள்ளே பின்பக்கத் திரையில் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே போகிறதாம். பரம்பரையாக வருவதாம். மருந்தும் கிடையாது, கத்தியும் கிடையாது. நானும் விடவில்லை. கம்பெனி வாசலில் எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, யார் வந்தாலும் இதுதாங்க" என்றார். என் பேச்சு செல்லுபடியாகாத முதல் இடம் அது.

பரம்பரை என்றால், உன்னிடமும் இருந்ததா அக்கா? நம் அப்பாவிடம்? யாரைக் கேட்பேன்?

கம்பெனி டெஸ்டுக்குக் கலை தனியாகவே போனாள். சாயங்காலம் அடையாள அட்டை இல்லாத கழுத்தோடு வந்தாள். எட்டு மணி நேரம் நின்று பழகிய பெண் இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் கேட்டாள்: "மாமா, அன்னிக்குப் போட்டுப் பாத்ததுல எனக்கு எது நல்லா இருந்திச்சி? மொகம் பாக்குற கண்ணாடில என் மூஞ்சியே தெரியல." கறுப்புதான் என்றேன். சினிமாவில் நடிக்கக் கூப்பிடுவார்கள் என்று சேர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகப் படப்பை ஸ்டாப்பில் நின்றோம். "இன்னா பஸ்ஸு மாமா வருது?" என்றாள். "உனக்குன்னே புதுசா ஒண்ணு வுட்டுகிறான் பாரு, தங்கம் மாரி பளபளன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, நம்பர மட்டும் சொல்லு" என்றாள்.

சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.

அவளுக்குப் பார்வை திரும்பும் என்று உனக்கு நான் எழுத மாட்டேன் அக்கா. ஊரிடம் எதை வேண்டுமானாலும் அளப்பேன். அவள் கேட்டால் மட்டும், எதிரே என்ன இருக்கிறதோ அதை, இருக்கிறபடி, உடனே சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ஒரே தம்பி,
கலைச்செல்வியின் தாய்மாமன்,
ஏழுமலை