பசை தொடாத பக்கம்

ஜொகூர் பாரு,
வெள்ளி காலை.

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலையும் என் மனதையும் கணக்கில் சேர்க்காவிட்டால். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் போட்டால், தூக்கம் வருதும்மா என்று வைத்துவிடுகிறாய். ஆஸ்திரேலியா என்றாலும் பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், அதுகூடத் தெரியாதவளா நான்? அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்காமல் கடைசிவரை படி.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கோயில் மண்டபம் எடுத்தாகிவிட்டது. சடங்கெல்லாம் வேண்டாம், விருந்து போதும் என்றுவிட்டார். வரவேற்பு மேசையில் வைக்க, பழைய படங்களை ஒட்டி நான் ஒரு ஸ்கிராப் புக் செய்கிறேன், பக்கத்து வீட்டு லோஷினிதான் வாத்தியார். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படமாம், மற்றதெல்லாம் அதைச் சுற்றிச் சின்னதாக, மூன்று நிறத்துக்கு மேல் கூடாது, ஓரத்தில் காலி இடம் விட வேண்டும். விட்ட இடத்தைப் பார்த்தாலே ஒரு மயில் ஒட்டலாமே என்று கை பரபரக்கிறது. அடுக்கிப் பார்த்துத் திருப்தியாகும்வரை பசையைத் தொடவே கூடாதாம். அதனால் சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்கள், ஃபேன் போட்டால் பறக்கிறது, போடாவிட்டால் வேர்க்கிறது. இந்த வீட்டுல எனக்குச் சாப்பிட இடம் இருக்கா இல்லையா என்று கேட்டுவிட்டு அப்பா தட்டோடு டிவி முன்னால் போய்விடுகிறார். எல்லாம் தனக்காகத்தான் என்று தெரியும், தெரியாத மாதிரி நடிப்பு.

தீபாவளிப் பக்கம்தான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. வருடாவருடம் கார் போர்ச்சில் நிற்போமே, அப்பா டைமர் வைத்துவிட்டு ஓடிவருவாரே, அந்தப் படங்கள். உனக்குக் கல்யாணமானதிலிருந்து எல்லாவற்றிலும் ரூபேந்திரன் இருக்கிறார். விவாகரத்தாகி, நீயும் வேலைக்கென்று அவ்வளவு தூரம் போய் ஒரு வருடம் ஆகியும் எனக்கு மாப்பிள்ளை என்றுதான் வாயில் வருகிறது. உன் மலர் அத்தை வந்து பார்த்துவிட்டு, வெட்டிப் போடுங்க அண்ணி, இதுக்குப் போயி இவ்ளோ யோசனையா லா என்றாள். சரியென்று கல்யாணமான வருடத்துப் படத்துக்கு ஒரு நகல் எடுத்து வெட்டினேன். அவர் போய்விட்டார், விரல்கள் மட்டும் உன் தோளில் நின்றுவிட்டன. அதன்மேல் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டினேன். நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய், தோளில் பூ. பார்க்கப் பார்க்கப் பூவுக்கு அடியில் இருப்பதுதான் கண்ணில் பட்டது. அந்த நகலைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பிறகு மற்ற வருடத்துப் படங்களை வரிசையாக அடுக்கினேன். அடுத்த தீபாவளியில் அவர் கை அவர் பாக்கெட்டில். அதற்கடுத்ததில் உங்கள் இருவருக்கும் நடுவே நான் நிற்கிறேன். கடைசிப் படத்தில் அவர் உன் அப்பாவுக்குப் பக்கத்தில், நீ ஓரத்தில் தனியாக. அதை வெட்டியபோது கத்தரிக்கோல் மேலிருந்து கீழ்வரை யார்மேலும் படாமல் போனது, உன் முந்தானை நுனிகூட வெட்டுப்படவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன் ஷர்மினி. அப்படி என்ன குறை அவரிடம் என்று உன்னை எத்தனை முறை குடைந்திருப்பேன். இனிக் கேட்கமாட்டேன்.

வந்தால் ஆளாளுக்கு மாப்பிள்ளை எங்கே என்று கேட்பாங்கம்மா, நான் வரலை என்றாய். கேட்கத்தான் செய்வார்கள், நம் சொந்தக்காரர்கள் வாய் அப்படி. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கப்போவது நான், என்னைத் தாண்டித்தானே உன்னிடம் வர வேண்டும்? அப்பா உன்னிடம் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் தினமும் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பிள்ளை டிக்கெட் போட்டுச்சா என்று என்னைக் கேட்கிறார். சிங்கப்பூர் சாங்கியில் இறங்கினால் போதுமாம், காஸ்வே பாலத்தில் எவ்வளவு நெரிசலானாலும் தானே வந்து கூட்டிவருவாராம், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

லோஷினி இன்னொன்றும் சொன்னாள். படத்தில் இருப்பவர் முகம் புத்தகத்துக்கு உள்ளே பார்க்க வேண்டுமாம், வெளியே பார்த்தால் பார்க்கிறவர் கண்ணும் வெளியே போய்விடுமாம். அந்தக் கடைசிப் படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டில் நீ வலதுபக்கம் திரும்பி வாசல் கேட்டைப் பார்க்கிறாய். வலப்பக்கத்தில் வைத்தபோது எங்களை விட்டுப் போகிற மாதிரியே இருந்தது. இடப்பக்கத்துக்கு மாற்றினேன். எதிர்ப்பக்கத்தில் அப்பாவின் பெரிய படம். இப்போது நீ அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அந்த முதல் தீபாவளிப் படத்தை முழுதாக வைப்பதா, எடுத்துவிடுவதா? நீதான் சொல்ல வேண்டும், அந்தச் சிரிப்பு உன்னுடையது.

மாரியம்மன் உனக்கு நல்ல தூக்கத்தையும் நல்ல மனிதர்களையும் தரட்டும். தலைக்கு எண்ணெய் வை. எனக்கென்று எதுவும் வாங்கிவராதே, டிக்கெட்டை மட்டும் போடு. நீ வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்தப் பக்கத்தில் பசை தொடமாட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா வாசுகி