வெறும் காகிதத்தைச் சுற்றி ஒரு வட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். அம்மா சுகமா? உங்கள் கால் புண் எப்படி இருக்கிறது? "அதெல்லாம் ஆறிப்போச்சும்மா" என்று மட்டும் எழுதாதீர்கள்.

வெள்ளி கலந்த துத்தநாக ஆக்சைடு நுண்பொடி கிருமியைக் கொல்கிறது என்று போனில் குதித்தேனே, அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். பொடி தடவிய காகித வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக வட்டம் விழுந்தது. ஆனால் பொடியே தடவாத வெறும் வில்லையைச் சுற்றியும் அதே வட்டம்! ஒரே இடுக்கியைக் கழுவாமல் இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்; அதில் ஒட்டிய பொடி வெறும் வில்லைக்கும் போய்விட்டது.

"காகிதமே கிருமியைக் கொல்லும்னா நமக்கு இங்க என்ன வேலை?" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அதிலிருந்து ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

புண்ணில் போட நீங்கள் கேட்ட பொடியை அனுப்ப மாட்டேன். அது இன்னும் கிருமி வளர்க்கும் தட்டைத் தாண்டவில்லை. டாக்டரிடம் போங்கள்.

வாரம் ஒருமுறை புண்ணருகே ஸ்கேல் வைத்து அம்மாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே நாள் முழுக்க, வட்டம் ஒரு மில்லிமீட்டராவது பெரிதாகாதா என்று ஸ்கேலும் கையுமாக அலைகிறேன். ஒரு வட்டமாவது சிறிதாவதை நான் பார்க்க வேண்டும்.

தட்டுகளை எடுக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். பழைய படத்தை அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன், அப்பா.

உங்கள் மூத்தவள்