செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை

சண்டிலிப்பாய்,
12.02.2026

அன்பு மகன் வாகீசனுக்கு,

நீயும் சாருஜாவும் பேத்தி ஆரபியும் சுகமாயிருக்க நகுலேஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். என் சுகத்தைக் கேட்காதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

பங்குக் கிணற்றுக்குப் போகும் எங்கள் பாதையைப் பக்கத்துக் காணிச் சீவரத்தினம் முள்ளுக்கம்பி அடித்து மறித்த வழக்கு நேற்றுக் கோட்டில் எடுபட்டது. நீ டொரன்ரோவிலிருந்து அந்தச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவித்து அனுப்பிய சத்தியக் கடதாசியைச் சட்டத்தரணி சோமசேகரம் அப்படியே தாக்கல் செய்திருந்தார். இங்கிலீசில் இருந்தது, மகன் அனுப்பியதுதானே என்று நானும் வாசிப்பிக்காமல் கையெழுத்து வைத்தேன், அது என் பிழை. அதில் நான் நாற்பது வருடமாக ஒரு நாளும் தவறாமல் அந்தக் கிணற்றில் இறைத்தேனாம். நீதவான் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு நாளும் இறைச்சனீங்களோ அம்மா எண்டு கேட்டார். இல்லை ஐயா, எங்கடை முறை செவ்வாயும் வெள்ளியும், மற்ற நாள் மற்றப் பங்காளியளுக்கு எண்டேன். பங்குக் கிணற்றில் யாரடா ஒவ்வொரு நாளும் இறைப்பார்கள்? பள்ளிக்கூடம் போக முன் பாத்திக்குத் தண்ணீர் மாறியவன் நீ, அனுப்ப முன் ஒருக்கால் வாசித்துப் பார்த்தாயா? என்னிடம் ஒரு கோல் எடுத்துக் கேட்டாயா?

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, பொய்ச் சத்தியம் என்றார். சோமசேகரம் அது மெசின் எழுதினது ஐயா எண்டு இழுத்தார். நீதவான் விடவில்லை. மெசினைக் கூண்டிலை ஏத்த எனக்குச் சட்டமில்லை, கையெழுத்து வைச்ச ஆள்தான் பொறுப்பு எண்டார். இனித் தன் கோட்டுக்கு வரும் ஒவ்வொரு கடதாசியிலும் மெசின் உதவியதா என்று எழுதித் தரவேண்டுமாம். நல்ல கட்டளைதான், ஆனால் அதைப் போடுவதற்கு என் பெயர்தானா கிடைத்தது? புதுக் கடதாசி கொடுக்கப் பங்குனி நான்காம் திகதி தவணை. அதுவரை கம்பி அப்படியே நிற்கும், தண்ணீரில்லாமல் வெங்காயம் இப்போதே நுனி கருகுகிறது. கோட்டு வாசலில் சீவரத்தினத்தின் பெண்சாதி, கள்ளச் சத்தியம் செய்தவள் போறாள் எண்டு என் காதுபடச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

புதுக் கடதாசியை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை டிலக்ஷி எழுதிவிட்டாள், ஒரு பக்கம்தான். நீ ஒன்றும் அனுப்பவேண்டாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடு, மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்து என்னிடம் மன்னிப்புக் கேள். அதையாவது நீயாக யோசித்துச் சொல்.

கோபம் ஆறாத அம்மா,
பத்மாசினி