தெளிந்திருந்த பாட்டில்கள்

என் செல்ல வாசுகிக்கு,

நீ போன பிறகும் உன்னோடு மனசுக்குள் பேசாத நாளில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாகப் பேச்சைத் தொடங்கவே பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் பாட்டில்களில் இருந்ததை நான் கொன்றுவிட்டேன், வாசுகி.

பாசிர் ரிஸ் கடலோர அலையாத்திக் காட்டுச் சேற்றில் நீ தேடிக்கொண்டிருந்தாயே, அந்தப் பாக்டீரியாக் கூட்டத்தை இதுவரை எந்த லேபிலும் யாரும் வளர்த்ததில்லை. சேற்றிலிருந்து எடுத்த மரபணு வரிசையை வைத்துத்தான் அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியும். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் எழுத்தும் எண்ணும்தான். "ஆளப் பாக்காம பேர் வெக்க மாட்டேன் லா," என்பாய்.

லேபில் நாங்கள் எல்லாம் கிருமிகளை ஊட்டி வளர்த்தோம். நீ மட்டும் பட்டினி போட்டு வளர்த்தாய். கடல்நீரில் பேருக்கு ஏதோ கொஞ்சம் உணவைக் கலந்து, இருட்டில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பாய். "என்னடி, தண்ணிக்குக் காவல் காக்குறியா?" என்று கேலி செய்வேன். சிரிப்பாய். மருத்துவமனைக்குப் போகும்போதுகூட, "அக்கா, அந்த ஷெல்ஃப மட்டும் யாரையும் தொட விடாதீங்க," என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

நீ போன பிறகு லேப் வேறு மாடிக்கு மாறியது. உன் ஷெல்ஃபைக் காலி செய்யும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நம் தொழிலில் எல்லோரும் பார்ப்பதுதான்: கலங்கியிருந்தால் ஏதோ வளர்ந்திருக்கிறது, தெளிந்திருந்தால் ஒன்றுமில்லை. எல்லாம் குடிதண்ணீர் மாதிரி தெளிந்திருந்தன. கிருமிகளைச் சூட்டில் கொல்லும் ஆட்டோகிளேவில் அடுக்கிப் பொத்தானை அமுக்கினேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. புது இடத்தில் ஒரு ஷெல்ஃப் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? உன் மேல் எனக்குக் கொள்ளைப் பாசம். உன் வேலை மேல்தான் நம்பிக்கை இருந்ததில்லை.

அந்தப் பாட்டில்களிலிருந்து நீ கடைசியாக வடிகட்டி உறைய வைத்த ஒரு சிறு குப்பி மட்டும் ஃப்ரீசரில் கிடந்தது. என் மாதிரிகளோடு அதையும் மரபணு வரிசை பார்க்க அனுப்பினேன், ஒரு மரியாதைக்காக. போன வாரம் முடிவு வந்தது.

முழுக்க உன் ஆள்தான், வாசுகி. சேற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது, உன் பாட்டிலில் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் பெருகியிருக்கிறது. தண்ணீரைக் கலங்கடிக்கும் அளவுக்குத்தான் பெருகவில்லை. குப்பியில் இருப்பது செத்த செல்களின் மரபணு. அதிலிருந்து எதையும் மறுபடி வளர்க்க முடியாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை செங்காங்கில் உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்குத் தேக்கா சந்தையில் பூ வாங்கினேன். ரவி கதவைத் திறந்து, "வாங்கக்கா, சாப்டீங்களா?" என்றார். உன் கணவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப அது உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு, ரவி."

"அவளுக்குத் தெரியுமா?"

அதை உன்னிடமே கேட்கிறேன். உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் தொட விடாதீங்க என்றாயா, இல்லை வெறும் நம்பிக்கைதானா?

நான் வாங்கிப்போன பூவை ரவி உன் படத்துக்குப் போட்டார். பிறகு ஸ்டோர் ரூமிலிருந்து நீல ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மீன் வாங்கவும் சேறு அள்ளவும் நீ ஒரே பெட்டியைத்தான் வைத்திருந்தாய் என்று அன்றுதான் தெரிந்தது எனக்கு.

"அவ எந்த எடத்துல சேறு எடுப்பான்னு எனக்குத் தெரியும். நான்தான கார்ல கூட்டிட்டுப் போவேன். சனிக்கிழமை காலைல கடல் தண்ணி வத்தும். நீங்க வாங்க."

என்னை மன்னித்தாரா, தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

அதே சேறுதான். உனக்கு வசப்பட்டது எனக்கு வசப்படுமா? வருஷங்கள் ஆகலாம். நீ செய்தது போலவே பட்டினி போடுகிறேன், இருட்டில் வைக்கிறேன். தண்ணீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும், யார் வந்து கேலி செய்தாலும், இந்த முறை அந்த ஷெல்ஃபை யாரையும் தொட விட மாட்டேன். என்னையும் சேர்த்துத்தான்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
சுமதி